மணிக்கட்டுக்குள் ஒரு மாடு

டாக்டர்கள்தான் உலகத்திலேயே மோசமான நோயாளிகள் என்று சொல்வார்கள். பாதி உண்மை. மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்களாவது தினமும் நாலு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். "போன தடவ குடுத்த மாத்திர ஒண்ணுத்துக்கும் கேக்கல" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அதனால் அவர்களுக்கு ஓரளவு அடக்கம் இருக்கும். நான் மாட்டு டாக்டர். இத்தனை வருடத்தில் என் நோயாளிகளில் ஒருவர்கூட வாய் திறந்து என் வைத்தியத்தைக் குறை சொன்னதில்லை. உதைத்திருக்கிறார்கள், அது வேறு விஷயம். அதை நான் விமர்சனமாக எடுத்துக்கொண்டதே இல்லை. இப்படிப் பிழைப்பு நடத்தினால் ஒரு மனுஷிக்குத் தலைக்கனம் ஏறத்தானே செய்யும்?

அப்படி ஏறிய கனம் என் வலது மணிக்கட்டு வழியாக இறங்கியது.

ஐப்பசி அடைமழை. குடவாசல் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பசுவுக்கு மடிநோய் என்று கூப்பிட்டிருந்தார்கள். சாலை வழியாகப் போனால் ஒரு பெரிய சுற்று. வயல் வழியாகப் போனால் கொல்லைப்புறத்திலேயே போய் நிற்கலாம். சம்பா நட்டு முடித்த வயல், வரப்பெல்லாம் புதிதாக அண்டை வெட்டிச் சேறு பூசி மொழுமொழுவென்று இருந்தது. மாட்டுக்காரர் அந்தக் கோடியிலிருந்து கையை ஆட்டினார்.

"டாக்டரம்மா, ரோட்டு வழியா வாங்க. வரப்பு வழுக்கும்."

"நான் நடக்காத வரப்பா" என்று பதில் சொன்னேன். அந்த வாக்கியத்தின் கடைசி எழுத்தைச் சொல்லும்போது நான் நடந்துகொண்டிருக்கவில்லை. மருந்துப்பை நனையக் கூடாது என்று இடது கையால் அதை உயர்த்திப் பிடித்தேன். வலது கையை ஊன்றினேன். நாற்று கொஞ்சம் நசுங்கியது, பை நனையவில்லை, மணிக்கட்டு மட்டும் குழிக்கரண்டி மாதிரி பின்பக்கமாக வளைந்துவிட்டது.

என் புத்தியைப் பாருங்கள். வலி வருவதற்கு முன்னால் எனக்கு வந்தது ஆர்வம். சேற்றில் உட்கார்ந்தபடியே கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓடி வந்த மாட்டுக்காரரிடம் எந்த எலும்பு, எந்த இடத்தில், எந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று விளக்கினேன். (அவர் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.) அவர் பாவம், "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிக்கொண்டே தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கழுத்தில் தூளி கட்டினார். அதற்கப்புறம்தான் வலி வந்தது. வந்த வலியைப் பற்றி எழுத வேண்டாம். பசு என்னைப் பார்த்துக்கொண்டே அசை போட்டது.

டவுனில் ஒரு சின்ன வயது டாக்டர் எலும்பை இழுத்துச் சரிசெய்து மாவுக்கட்டு போட்டுவிட்டார். "ஆறு வாரம் இருக்கணும் மேடம். வாராவாரம் வந்து எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடணும். உள்ள நகர்ந்துச்சுன்னா வெளியில தெரியாது" என்றார். நான் பெருந்தன்மையோடு தலையாட்டினேன். ஒரு வாரமும் போகவில்லை. கட்டுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாதா? எத்தனை கால்களுக்குக் கட்டு போட்டவள் நான்.

நாலு வாரம் ஆனது. நன்னிலம் பக்கத்திலிருந்து ஒரு போன்: பசு ஈன முடியாமல் தவிக்கிறது. அந்தப் பகுதிக்கு வேறு டாக்டர் இருக்கிறார், நல்லவர், கெட்டிக்காரர். அவருக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இல்லாமல் டெல்டாவில் ஒரு கன்று பிறந்துவிடுமா என்ன? கட்டோடு பசுவுக்குள் கை விட முடியாது. அப்போது ஒரு கணக்குப் போட்டேன். கன்றுக்குட்டிக்குக் கால் உடைந்தால் நாலு வாரத்தில் எலும்பு சேர்ந்துவிடும், எத்தனையோ பார்த்திருக்கிறேன். எனக்கும் நாலு வாரம் ஆகிவிட்டது. ஆகவே சேர்ந்திருக்கும். கன்றுகளுக்குக் கட்டு அறுக்கும் சின்ன ரம்பத்தை எடுத்தேன், கொல்லையில் உட்கார்ந்து இடது கையாலேயே அறுத்துப் போட்டேன். அந்த நேரத்தில் என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே ஒரு பூரிப்பு.

நான் போய்ச் சேர்ந்தபோது பசு தானாகவே ஈன்றுவிட்டு, கன்றை நக்கிக்கொண்டிருந்தது.

பேசாமல் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் இவ்வளவு தூரம் வந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே. "கன்னு ஈரத்துல கெடக்குது பாருங்க" என்று வீட்டுக்காரர்களைக் கடிந்துகொண்டு, கன்றை இரண்டு கையாலும் தூக்கி வைக்கோல் மேல் வைத்தேன். மணிக்கட்டில் ஏதோ ஒன்று 'டொக்' என்று இடம் மாறியது. எல்லோர் முன்னாலும் சிரித்த முகமாக நின்றேன்.

அதற்குப் பிறகு அந்த 'டொக்' எங்கள் வீட்டில் ஒரு உறுப்பினர் ஆகிவிட்டது. கையைத் திருப்பினால் டொக். சாவியைப் போட்டால் டொக். கை பார்ப்பதற்கு லேசாகக் கோணலாக இருந்தது, அதை வளையல் போட்டு மறைத்தேன். பிடிமானத்தை மறைக்க முடியவில்லை. சாம்பார்க் கரண்டி நழுவியது, போன் வாய்க்காலில் விழுந்தது, ஒரு ஆட்டுக்காரரின் செருப்புக்குள் ஊசி மருந்து சிந்தியது. கேட்டவர்களிடமெல்லாம் "புதுசா சேர்ந்த எலும்பு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் பயம்தான். வலது கை இல்லாவிட்டால் மாட்டு டாக்டர் என்ன செய்வது? ஏதோ ஓர் அலுவலகத்தில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, எத்தனை ஆடு எத்தனை கோழி என்று எழுத வேண்டியதுதான்.

கடைசியில் என்னைக் கையும் களவுமாகப் பிடித்தது என் மாமியார்.

அத்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் என் கணவர், அத்தை, நான், மாடுகள். இந்த வரிசையை அத்தை போட்டால் மாடுகள் முதலில் வரும். வெள்ளிக்கிழமை காலையில் தொழுவத்தைக் கழுவி, மாடுகளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்த பிறகுதான் அவர் வாயில் காப்பி படும். கறவை நின்ற மாட்டைக்கூட வியாபாரிக்கு விற்றதில்லை. செத்த மாடுகள் எங்கள் தோப்பில் தென்னைக்குத் தென்னை புதைந்திருக்கின்றன. அப்போது அவருடைய செல்லம் செவலை என்ற கிடாரி. பங்குனியில் அது முதல் முறையாகப் பருவத்துக்கு வந்தது. சினை ஊசி போடுவது என் வேலை, வால் பிடிப்பது அத்தை. நான் ஊசிக் குழாயை வலது கையில் எடுத்தேன். டொக். குழாய் சாணிக்குள் விழுந்தது.

"கையில என்ன?" என்றார் அத்தை, வாலை விடாமல்.

"ஒண்ணுமில்லைங்க அத்தை."

"ஒண்ணுமில்லாத கைதான் ஊசியச் சாணியில போடுமா? எத்தன நாளா பாத்துக்கிட்டிருக்கேன், கரண்டி விழுது, சொம்பு விழுது. மார்கழில இது கன்னு போடும். தலச்சன். அன்னிக்கு எந்தக் கைய உள்ள விடுவ?"

வேறு ஊசி எடுத்துத் தட்டுத்தடுமாறிப் போட்டு முடித்தேன். அத்தை வீட்டுக்குள் பார்த்து, "ஏம்பா, நாளைக்கு இவளத் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கிட்டுப் போ" என்று மகனுக்கு உத்தரவு போட்டார்.

தஞ்சாவூரில் கை எலும்புக்கென்றே ஒரு டாக்டர் இருந்தார். என் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பேசாமல் இருக்கும் டாக்டர் எவ்வளவு ஆபத்தானவர் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படி இருந்திருக்கிறேன்.

"கட்டு யாரு போட்டது?"

"டவுன்ல ஒரு டாக்டர் சார்."

"நல்லாத்தான் போட்டிருக்காரு. பிரிச்சது யாரு?"

சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். "நான்தான் சார். நாலு வாரத்துல."

"ஏன் நாலு?"

"கன்னுக்குட்டிக்கு நாலு வாரத்துல சேந்துடும் சார்."

அவர் என் சீட்டை எடுத்து வயதைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். "நீங்க கன்னுக்குட்டி இல்லீங்களே டாக்டர்" என்றார். என் கணவர் எங்கள் கல்யாணத்திலிருந்து அன்றுவரை நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அப்புறம் டாக்டர் விளக்க ஆரம்பித்ததும் எனக்கு வெட்கம் போய் ஆர்வம் வந்துவிட்டது. முழங்கையிலிருந்து வரும் பெரிய எலும்பின் நுனி பின்பக்கமாகச் சாய்ந்தபடி சேர்ந்துவிட்டது. அதன் மேல்தான் மணிக்கட்டின் குட்டி எலும்புகள் உட்கார வேண்டும். உட்காரும் இடமே சாய்ந்துவிட்டதால் அவை நிலையாக நிற்க முடியாமல், கையைத் திருப்பும்போதெல்லாம் நழுவி விழுகின்றன. அந்தச் சத்தம்தான் டொக். சமமாகத் தட்டாத வயலில் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடுவது மாதிரி என்று புரிந்துகொண்டேன். மேஜை மேல் பிளாஸ்டிக் எலும்புக் கை ஒன்று இருந்தது. கேட்காமலேயே அதை எடுத்து எண்ணினேன்.

"மனுஷனுக்கு எட்டு சார். மாட்டுக்கு ஆறுதான். மாட்டோட முன்னங்கால்ல முட்டின்னு எல்லாரும் சொல்றாங்களே, அது முட்டியே இல்ல சார், மணிக்கட்டு."

"அப்படியா?" என்று அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். வெளியே கூட்டம் உட்கார்ந்திருந்தது. நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் மாட்டு மணிக்கட்டைப் பற்றிப் பேசினோம். திரும்பி வந்த என் கணவர் இரண்டு முறை இருமினார்.

வைத்தியம் இதுதான். கோணலாகச் சேர்ந்த அதே இடத்தில் எலும்பை மறுபடியும் அறுக்க வேண்டும். அறுத்து நிமிர்த்தினால் ஒரு பக்கம் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் ஆப்பு மாதிரி ஒரு துண்டு எலும்பைச் செருகி, மேலே பிளேட் வைத்து ஸ்க்ரூ போட வேண்டும். செய்யாவிட்டால் நாளாக ஆக மூட்டு தேய்ந்து, கை பிடிமானமே இல்லாமல் போய்விடும்.

"செருகுற எலும்புக்கு எங்க சார் போறது?"

"உங்க இடுப்பெலும்புலேருந்து கொஞ்சம் எடுக்கலாம். சொந்த எலும்பு, நம்பி வைக்கலாம். ஆனா முழு மயக்கம் குடுக்கணும், இடுப்பு கொஞ்ச நாள் வலிக்கும். இல்லன்னா ரெடிமேடா வர்ற துண்டு இருக்கு. சேர கொஞ்சம் கூடுதலா நாள் எடுக்கும். கைய மட்டும் மரத்துப்போக வச்சுப் பண்ணிடலாம், நீங்க முழிச்சுக்கிட்டே இருக்கலாம்." சற்று நிறுத்தினார். "அது மாட்டு எலும்புலேருந்து செய்யிறது. சதை, கொழுப்பு எல்லாத்தையும் நீக்கி, சுண்ணாம்புக் கூடு மட்டும்தான் மிச்சம் இருக்கும். இருந்தாலும் சில பேருக்கு மனசு ஒப்பாது. அதனால கேட்டுட்டுத்தான் வைப்போம்."

வேறு யாராக இருந்தாலும் ஒரு வாரம் யோசித்திருப்பார்கள். எனக்கு இரண்டே விஷயங்கள்தான் காதில் விழுந்தன: முழித்துக்கொண்டே இருக்கலாம், மாடு. "மாடே வைங்க சார்" என்றேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது என் கணவர் ஒன்றே ஒன்று சொன்னார். "அரசி, அம்மாகிட்ட இத மட்டும் சொல்லாத."

சொல்வேனா? தோப்பில் ஒவ்வொரு தென்னைக்கும் ஒரு பேர் வைத்திருக்கும் மனுஷியிடம் போய்? செத்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்தேன்.

சித்திரையில் ஆபரேஷன். கழுத்தெலும்புக்கு மேலே ஊசி போட்டதும் கை முதலில் சூடானது, பிறகு கனத்தது, பிறகு காணாமலே போனது. எனக்கும் கைக்கும் நடுவில் ஒரு பச்சைத் துணியைத் திரையாகக் கட்டினார்கள். எக்ஸ்ரே படம் ஓடும் டிவி எனக்கு முதுகைக் காட்டி நின்றது. "சிஸ்டர், அதக் கொஞ்சம் இப்படித் திருப்புங்களேன்" என்று கெஞ்சி, டாக்டர் என்பதால் சலுகை வாங்கிவிட்டேன். சலுகையை நான் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. என்ன கத்தி, என்ன ரம்பம், ஸ்க்ரூ எவ்வளவு நீளம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மாட்டுக்கு நாங்கள் எப்படிச் செய்வோம் என்று இடையிடையே யோசனையும் சொன்னேன்.

"டாக்டர்" என்று திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பொறுமையான குரல் வந்தது. "கொஞ்ச நேரம் பேஷன்ட்டா இருங்க."

ரம்பம் ஓடியது. ஒரு கருகல் வாசனை வந்தது. அந்த வாசனை எனக்கு நன்றாகப் பழக்கம், கன்றுக்குக் கொம்பு முளைக்கும்போது சுடுவோமே, அதே வாசனை. "சார், கொம்பு சுடுற வாசம்" என்றேன் சந்தோஷமாக. டிவியில் என் எலும்பு இரண்டாகப் பிரிந்தது. கோணல் மெதுவாக நிமிர்ந்தது. இடைவெளியில் வெள்ளையாக ஒரு சின்ன முக்கோணம் வந்து உட்கார்ந்தது. "அதோ மாடு" என்றேன். பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை கை விட்டு மணிக்கணக்கில் நின்றவள் நான், ரத்தத்தைப் பார்த்து ஒருநாளும் கலங்காதவள். அது என் எலும்பு என்று அந்த நொடியில் எனக்கு உறைத்தது. கூரை விளக்கு இரண்டானது, காதில் ஏதோ ரைஸ் மில் ஓடுகிற மாதிரி இரைச்சல் கேட்டது. பிரஷர் இறங்குகிறது என்று யாரோ சொன்னார்கள். அதற்கப்புறம் அவர்கள் போட்ட மருந்தில் நான் வாய் மூடித் தூங்கியதாகவும், அறையில் இருந்த அனைவரும் நிம்மதியாக வேலை பார்த்ததாகவும் பின்னால் கேள்விப்பட்டேன்.

கண் விழித்தபோது வார்டில் இருந்தேன். தலை பஞ்சாக மிதந்தது. வயிற்றின் மேல் ஏதோ கனமாகக் கிடந்தது. இடது கையால் தடவிப் பார்த்தேன். விரல்கள் இருந்தன, வெதுவெதுப்பாக இருந்தன. பதறிப்போய் நர்ஸைக் கூப்பிட்டேன்.

"சிஸ்டர், யாரோ கைய இங்க வச்சிட்டுப் போயிட்டாங்க."

"அது உங்க கைதான் மேடம்" என்றார் அந்தப் பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "மரத்துப் போயிருக்கு. சாயங்காலம்தான் உணர்வு வரும். தூளியிலேருந்து எடுத்துடாதீங்க."

என்னிடம் போய் இப்படி ஒன்றைச் சொன்னால் நான் வேறு என்ன செய்வேன்? அவர் போனதும் தூளியைக் கழற்றினேன். என் கை எனக்குச் சொந்தமில்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய அதிசயம். இடது கையால் அதைத் தூக்கினேன், விட்டேன். தொப்பென்று விழுந்தது. மறுபடி கொஞ்சம் உயரமாகத் தூக்கினேன். அப்போது கதவு திறந்தது. அத்தை திருநீறோடு வந்துவிட்டார், பின்னால் என் கணவர், அவருக்குப் பின்னால் என்னைப் பார்க்க வந்த உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர், ஹார்லிக்ஸ், ஆரஞ்சுப் பழம்.

அத்தை நேராக வந்து, என் நெற்றியில் பூசுவதற்காகக் குனிந்தார். எனக்கு மரியாதை ஞாபகம் வந்து எழுந்து உட்காரப் பார்த்தேன். அந்தப் பதற்றத்தில், தூக்கிப் பிடித்திருந்த கை நழுவியது. முழங்கைவரை மாவுக்கட்டோடு, கனமாக, சுழன்று வந்து அத்தையின் கன்னத்தில் 'பளார்' என்று இறங்கியது.

ஆரஞ்சுப் பழம் ஒன்று கட்டிலுக்கடியில் உருண்டு போன சத்தம்கூட எனக்குக் கேட்டது. அத்தை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். திருநீறெல்லாம் அவர் மூக்கில். மருமகள் மாமியாரைக் கைநீட்டி அடித்துவிட்டாள், சாட்சிக்கு மூன்று பேர். அந்த மூன்று பேரும் வெவ்வேறு ஊர்க்காரர்கள், செய்தி பரவுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

எப்படியாவது விளக்கிவிட வேண்டும் என்று துடித்தேன். மிதக்கிற தலையில் ஒரே ஒரு நியாயம்தான் கிடைத்தது.

"அத்தை, அது என் கை இல்லீங்க அத்தை" என்றேன். "அது மாடு. உள்ள மாட்டு எலும்பு வச்சிருக்காங்க."

என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். கொண்டுவந்த பையைக் கட்டில் மேல் வைத்தார், ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனார், பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் பேசவில்லை. எனக்குச் சாப்பாட்டைப் பிசைந்து ஸ்பூன் போட்டுக் கொடுப்பார், தலை பின்னிவிடுவார், பேச மாட்டார். அடி வாங்கிய கோபமாக இருந்தால் காலில் விழுந்து சரிக்கட்டியிருப்பேன். அது அடி இல்லை என்று எனக்குத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை தொழுவத்தில் குங்குமத் தட்டோடு நிற்பவரைப் பார்க்கும்போதெல்லாம் நான் வாசலோடு திரும்பிவிடுவேன். வேடிக்கை பார்க்கும் ஆசையில், அவர் வீட்டுக்குள் அவர் தாங்கிக்கொள்ள முடியாத ஒன்றைக் கொண்டுவந்துவிட்டேன்.

ஒருநாள் மத்தியானம் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அது என்ன மாடு?"

"தெரியலீங்க அத்தை."

"எந்த ஊரு?"

"வெளிநாடுன்னு சொன்னாங்க."

"அப்ப ஜெர்சியாத்தான் இருக்கும்" என்றார். தவிட்டைக் கிளறினார். "செத்த மாடா, வெட்டுன மாடா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "சாப்பாட்டுக்கு வெட்டுன மாடாத்தான் அத்தை இருக்கும்" என்றேன்.

அத்தை வாளியை எடுத்துக்கொண்டு செவலையிடம் போனார். ஆனால் அன்று ராத்திரி சாப்பாட்டின்போது, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டா?" என்று கேட்டார். எனக்கு ரசம் பிடிக்காது. மூன்று முறை ஊற்றிக்கொண்டேன்.

கட்டு பிரிக்கும் நாளை இந்த முறை டாக்டர்தான் முடிவு செய்தார். கன்றுக்குட்டிக் கணக்கெல்லாம் கிடையாது, படம் எடுத்து, துண்டு சேர்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான். அடுத்து பிசியோதெரபி. ஈரத் துணி பிழிவது, சப்பாத்தி மாவு பிசைவது, கதவுக் குமிழைத் திருப்புவது. அங்கே இருந்த பெண், "எந்த மாதிரி வேலைக்குத் திரும்பணும் மேடம்? அந்த அசைவைச் செஞ்சு காட்டுங்க, அதுக்கேத்த பயிற்சி தர்றேன்" என்றாள். ஒரு தலையணை உறைக்குள் தோள்வரை கையை விட்டு, உள்ளே தேடி, பிடித்து, திருப்பி, இழுத்துக் காட்டினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர் எழுந்து வேறு கட்டிலுக்குப் போய்விட்டார்.

மார்கழி வந்தது. ஒரு காலை கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு அத்தை ஓடி வந்தார். "செவலைக்குப் பனிக்குடம் ஒடஞ்சு ரொம்ப நேரம் ஆச்சு. ஒரு காலுதான் தெரியுது."

சோப்புப் போட்டுக் கழுவி, வலது கையை உள்ளே விட்டேன். கன்றின் தலை இருந்தது. ஒரு முன்னங்கால் நேராக இருந்தது. இன்னொன்று மடங்கி இடுப்பெலும்பில் முட்டிக்கொண்டு நின்றது. எது மடங்கியிருந்தது என்று சொல்ல வேண்டுமா? ஊரார் முட்டி என்று சொல்லும் அதே மணிக்கட்டு. அதைப் பின்னால் தள்ளி, குளம்பு பசுவின் உள்ளே குத்தாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மெதுவாகத் திருப்பி நிமிர்த்த வேண்டும். செவலை முக்கும்போதெல்லாம் என் கை நசுங்கியது. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. அத்தை வாலைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த டொக்குக்காகக் காத்திருந்தேன்.

டொக் வரவில்லை. கால் நிமிர்ந்து வந்தது. பின்னாலேயே கன்றும் வந்து வைக்கோலில் விழுந்து தும்மியது. பசுங்கன்று.

அத்தை கன்றின் மூக்கைத் துடைத்துவிட்டு, என் கையை எடுத்து, வெந்நீர் ஊற்றி அவரே கழுவினார். தழும்பின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். "ஜெர்சி பரவால்ல" என்றார். "நம்ம உம்பளாச்சேரி மாடா இருந்திருந்தா இன்னும் சீக்கிரம் இழுத்திருக்கும்."

அடுத்து மாட்டுப் பொங்கல். கொம்புக்கு வர்ணம் அடித்து, புதுக் கயிறு மாற்றி, நெட்டி மாலை போட்டு மாடுகளை வாசலில் நிறுத்தியிருந்தோம். அத்தை தட்டோடு வந்து செவலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார், கன்றுக்கு வைத்தார், மற்ற மாடுகளுக்கு வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "கைய நீட்டு" என்றார். தட்டைப் பிடிக்கச் சொல்கிறார் என்று நினைத்து நீட்டினேன். அவர் என் வலது கையைத் திருப்பி, மணிக்கட்டுத் தழும்பில் மஞ்சள் பூசி, அதன்மேல் குங்குமம் வைத்தார்.

"எதுக்குங்க அத்தை?"

"எங்கயோ பொறந்து, எங்கயோ போன சீவன். அதுக்கு எவ பொங்கல் வச்சிருப்பா?" என்று சொல்லிவிட்டு, வாழையிலையில் பொங்கலும் பழமும் வைத்து மாடுகளுக்கு ஊட்டப் போனார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. என் கணவர் நிலைமையைச் சமாளிக்கலாம் என்று நினைத்து, "மூக்கணாங்கயிறும் மாத்திடலாமாம்மா?" என்றார். "அத நீ கல்யாணத்தன்னிக்கே போட்டிருக்கணும்" என்றார் அத்தை, திரும்பிப் பார்க்காமல்.

அதன்பிறகு எந்த மாட்டுப் பொங்கலும் என் மணிக்கட்டில் குங்குமம் இல்லாமல் முடிந்ததில்லை. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அத்தையே ஆஸ்பத்திரியில் வாங்கிய அந்த அடியிலிருந்துதான் கதையை ஆரம்பிக்கிறார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அடி இன்னும் பலமாக விழுகிறது. நான் யாரிடமாவது அவசரப்பட்டால், "விடுங்க, அவ கன்னுக்குட்டி, நாலு வாரத்துல சரியாயிடுவா" என்கிறார் என் கணவர்.

இந்த வருடம் மாட்டுப் பொங்கலன்று பக்கத்து ஊரில் ஒரு காளை வேலி தாண்டிக் காலைக் கிழித்துக்கொண்டது. தையல் போட்டு முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அத்தை.

"எங்க இருக்க நீ? வாசல்ல எல்லா மாடும் வந்து நிக்கிது. ஒண்ணுதான் பாக்கி."